ரூபாய்க்கு மாசம் ஒரு பை

சுப்ரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன்.

சட்டக் கல்லூரியில படிச்ச நண்பர் யாராவது இருந்தா இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. 'பித் அண்ட் சப்ஸ்டன்ஸ்'னு ஒரு வார்த்தையை உடனே எடுத்து விடுவாங்க. மாகாண சட்டசபை போட்ட ஒரு சட்டம், மத்திய அரசோட அதிகாரத்துக்குள்ள லேசா மூக்கை நுழைச்சுட்டா அந்தச் சட்டமே செல்லாமப் போயிருமா, இல்ல அதோட உண்மையான சாரம் என்னன்னு பார்க்கணுமா? இதுக்கு 1940ல டெல்லியில இருந்த ஃபெடரல் கோர்ட், தலைமை நீதிபதி சர் மாரிஸ் க்வையர் காலத்துல கொடுத்த பதில்தான் அந்தத் தீர்ப்பு. இன்னைக்கு வரைக்கும் பாடப் புத்தகத்துல இருக்கு.

சரி, அந்தக் கேஸ் எதைப் பத்தினதுன்னு கேளுங்க. நான் கேட்ட ரெண்டு பேரும் முழிச்சாங்க :-)

அது ஒரு கடன் கேஸ். புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கின கடன். கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போயி டிக்ரியும் வாங்கியாச்சு. அதுக்கப்புறம் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, 'நீ கேக்கற தொகை தப்பு, திருப்பிக் கணக்குப் போடு'ன்னு சொல்லுச்சு. செட்டியார், கவுண்டர்ங்கற ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததுமே நம்ம ஊர்ச் சந்தைப் பேச்சு கேட்ட மாதிரி ஒரு ஒட்டுதல் வந்துருச்சு எனக்கு. ஆணி புடுங்கற நேரம் போக ரெண்டு வாரம் இதுலயே உக்காந்து தாவு தீர்ந்துருச்சு. அந்தச் சட்டத்தோட கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோட வாங்க.

வீட்டுக் கடன் வாங்கி இ.எம்.ஐ. கட்ட முடியாம தவிக்கறவங்களுக்காகக் கடனோட நிபந்தனைகளையே மாத்தி எழுதறதை இப்ப 'மறுசீரமைப்பு'ங்கறாங்க. 2020ல கொரோனாவோட வந்த புதுச் சரக்குன்னுதான் நிறைய பேரு நினைச்சிட்டிருக்கோம். அமெரிக்காவுல 2009ல ஒபாமா அரசு வீட்டுக் கடனுக்கு இதே மாதிரி ஒரு பெரிய திட்டம் கொண்டு வந்துச்சு, அதைப் பார்த்து வந்ததுன்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா நம்ம சென்னை மாகாணத்துல 1938லயே இதைப் பண்ணியிருக்காங்க. அதுவும் இப்ப பண்றதை விட ரொம்பத் துணிச்சலா.

முதல்ல புரோநோட்டு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். இது புரியாம 1938 புரியாது.

கொங்கு நாட்டுல ஆத்துப் பாசனம் கொஞ்ச இடத்துக்குத்தான். பவானி, அமராவதி, நொய்யல் ஓரத்தை விட்டுட்டா மீதியெல்லாம் மேட்டாங்காடு. அந்தக் காட்டைத் தோட்டம் ஆக்கணும்னா கிணறு வெட்டணும். பாறையை உடைச்சு வெட்டற கிணறு, சும்மா வராது. அதுக்கப்புறம் கவலை ஓட்ட மாடு, சால், வடக்கயிறு. எல்லாம் பணம். மண்ணுக்குக் கீழ தண்ணி இருக்கா இல்லையான்னு தெரியாமயே கடன் வாங்கி இறங்கறது, இன்னைக்கு ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கற மாதிரிதான். என்ன ஒண்ணு, இங்க முதலீட்டாளர் நஷ்டத்துல பங்கு எடுத்துக்க மாட்டார் :-)

கொடுக்கறவர் பெரும்பாலும் தூரத்து ஆள் இல்ல. அதே ஊர்ல வசதியான பண்ணையக்காரர், இல்ல சந்தையில பருத்தி வாங்கற வியாபாரி, இல்ல செட்டியார். ஸ்டாம்ப் ஒட்டின துண்டுத்தாள்ல 'கேட்கும்போது தருகிறேன்'னு எழுதிக் கையெழுத்து. நடுவுல கொஞ்சம் கட்டினா நோட்டோட பின்பக்கத்துல வரவு வச்சு எழுதிக்குவாங்க.

இதுல ஒரு விஷயம். புரோநோட்டுக்கு ஆயுசு மூணு வருஷம். அதுக்குள்ள கேஸ் போடலைன்னா காலாவதி. அதனால மூணாவது வருஷம் முடியறதுக்குள்ள கொடுத்தவர் வந்து நிப்பார். கையில காசு இருக்காது. 'சரி, நோட்டை மாத்திக் குடுத்துரு'ம்பார். பழைய அசலும் அதுவரைக்கும் சேர்ந்த வட்டியும் சேர்ந்து புது நோட்டுல ஒரே அசலா உக்காந்துக்கும். எங்க அப்பாரு இதைச் சொல்றப்ப ஒரு மாதிரி சிரிப்பார்: "நோட்டு மாத்துனா கடன் தீந்த மாதிரி ஒரு நெனப்பு வரும் கண்ணு. பழைய நோட்டைக் கிழிச்சுப் போட்டுருவாங்கல்லொ?"

அந்தக் கிழிச்சுப் போடறதுதான் விஷயமே. எக்ஸெல்ல போட்டுப் பார்த்தேன். 1926ல 1,000 ரூபாய், நூத்துக்கு வருஷம் 12 ரூபாய் வட்டி, தனி வட்டிதான். ஒண்ணும் கட்டலை. 1929ல நோட்டு மாத்தினா 1,360. 1932ல 1,849. 1935ல 2,515. பேருக்குத்தான் தனி வட்டி, மூணு வருஷத்துக்கு ஒருக்கா கூட்டு வட்டி ஆயிருது. 1937 வந்தா பாக்கி 3,100ஐத் தாண்டிரும். கையில இருக்கற நோட்டுல 'அசல் 2,515'ன்னுதான் எழுதியிருக்கும். ஆயிரம்ங்கற சுவடே இருக்காது.

இதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியாம இல்ல. ஃபிரெடரிக் நிக்கல்சன்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. கோயமுத்தூர் மாவட்ட மேனுவலை 1887ல எழுதினவரு, நம்ம பக்கத்துக் கிணறு, காடு, கடன் எல்லாத்தையும் பார்த்த ஆளு. 1890கள்ல அவரை விவசாயக் கடனைப் பத்தி ஆராயச் சொன்னாங்க. 1895லயும் 1897லயும் ரெண்டு பாகமா அறிக்கை கொடுத்தார். மாகாணத்தோட கிராமக் கடன் சுமார் 45 கோடின்னு ஒரு மதிப்பீடு போட்டார். ஜெர்மனியில ரைஃபைசன்ங்கறவர் கிராமத்து ஜனங்களையே சேர்த்துக் கடன் சங்கம் நடத்தின மாதிரி இங்கயும் ஒருத்தர் வேணும்ங்கறதுதான் அவரோட முடிவு. 1904ல கூட்டுறவுச் சட்டம் வந்ததுக்குப் பின்னால இந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா கூட்டுறவுச் சங்கம் புதுக் கடனுக்கு வழி. ஏற்கெனவே மூணு தடவை மாத்தின நோட்டை அது என்ன பண்ண முடியும்?

அப்பத்தான் 1929 வந்துச்சு. நியூயார்க் பங்குச் சந்தை விழுந்ததும் திருப்பூர் சந்தையில பருத்தி விலை விழுந்ததும் ஒரே கயிறு. அடுத்த மூணு நாலு வருஷத்துல நெல்லு, பருத்தி, கடலைக்காய் எல்லாம் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்துருச்சு. கடன் மட்டும் ரூபாய்ல எழுதினது, அது குறையலை. பத்துப் பொதி பருத்தி வித்துக் கட்டியிருக்க வேண்டிய கடனுக்கு இப்ப இருபது பொதி வேணும். நிலத்தீர்வையும் அப்படியே நிக்குது. 1930ல வங்கி விசாரணைக் கமிட்டி மாகாணத்தோட கிராமக் கடன் 150 கோடின்னு சொன்னது. 1935ல சத்தியநாதன்ங்கற அதிகாரி அறிக்கை கொடுக்கறப்ப அது 200 கோடி. விளைச்சலோட மதிப்பு பாதியாகுது, கடன் மூணுல ஒரு பங்கு ஏறுது. யாரும் புதுசா வாங்கிக் குவிச்சு ஏறினதில்ல. கட்ட முடியாத வட்டி சேர்ந்து சேர்ந்தே ஏறின கடன்தான் அதுல நிறைய.

இதே வருஷங்கள்லதான் கோயமுத்தூர்ல மில்லு மேல மில்லா எழும்புச்சு. 1888லயே ஸ்டேன்ஸ் மில் வந்திருந்தாலும், 1930கள்லதான் ஊருக்கு 'தென்னிந்திய மான்செஸ்டர்'ங்கற பேருக்கான களையே வந்துச்சு. பைகாரா மின்சாரம் வந்தாச்சு, பருத்தி சல்லிசு, கூலிக்கு ஆளும் சல்லிசு. கிராமத்துல கடன் கொடுத்து வாங்கிட்டிருந்த பணம், அங்க இனிமே திரும்பி வராதுன்னு தெரிஞ்சதும் நகரத்துப் பக்கம் திரும்பி மில் பங்கா மாறுச்சுன்னு பொருளாதார வரலாற்றுக்காரங்க எழுதியிருக்காங்க. பீளமேட்டுப் பக்கம் போறப்பல்லாம் இது ஞாபகம் வரும். அந்தச் செங்கல்லுல கொஞ்சம் யாரோ வித்த மேட்டாங்காடா இருக்கும்.

அரசாங்கம் முதல்ல மென்மையாத்தான் ஆரம்பிச்சுது. 1936ல கடன் சமரசச் சட்டம். ஒரு வாரியம் ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசும், ஒத்துக்கிட்டா சரி. இப்ப வங்கிகள் 'ஒன் டைம் செட்டில்மென்ட்'டுக்குக் கூப்பிடற மாதிரி. கையில முழு டிக்ரி வச்சிருக்கறவர் எதுக்கு இறங்கி வரணும்? பெருசா ஒண்ணும் நடக்கலை.

1937 ஜூலையில ராஜாஜி பிரதமர் ஆனார் (அப்ப மாகாண முதல்வருக்கு அதான் பேரு). அவர் நம்மளுக்குப் பக்கத்து ஆள்தான். சேலத்துல வக்கீல் தொழில், 1925லேர்ந்து திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம். புரோநோட்டு வழக்கையும் அதை எழுதிக் கொடுத்த குடியானவனையும் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பார்க்கற வாய்ப்பு இருந்த மனுஷன். சேலம் மாவட்டத்துல மதுவிலக்குத் தொடங்கின தேதி 1937 அக்டோபர் 1. கடன் சட்டத்துல கெடுவா வச்ச தேதியும் அதே அக்டோபர் 1. ஒரே நாள்ல கள்ளுக்கடையும் பழைய வட்டியும்!

சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1938ஆம் வருஷத்து 4ஆவது சட்டம். 1938 மார்ச் 22லேர்ந்து அமல். ராஜாஜியோட அரசியல்ல எனக்கு ஒத்து வராதது ஏகப்பட்டது இருக்கு. அதே 1938ல கட்டாய இந்தி, அப்புறம் 1953ல அந்தக் கல்வித் திட்டம். ஆனா இந்தச் சட்டத்தை எழுதின விதத்தைப் பார்த்தா ஒரு நல்ல புரோகிராமர் எழுதின கோடு மாதிரி இருக்கு.

1932 அக்டோபர் 1க்கு முன்னால வாங்கின கடன்னா, 1937 அக்டோபர் 1 அன்னைக்கு நிலுவையில இருந்த வட்டி மொத்தமும் காலி. அசல் மட்டும் கட்டினாப் போதும். இதுவரைக்கும் வட்டியாவோ அசலாவோ கட்டினதெல்லாம் சேர்ந்து அசலைப் போல ரெண்டு மடங்கு ஆயிருச்சா? கடனே தீர்ந்துச்சு, ஒரு பைசா தர வேண்டாம். ரெண்டு மடங்கு ஆகலையா? ரெண்டு மடங்குக்கு எவ்வளவு குறையுதோ அது, இல்ல பாக்கி அசல், ரெண்டுல எது கம்மியோ அதைக் கட்டு. அசலுக்கு மேல இன்னொரு மடங்கு வாங்கக்கூடாதுங்கறது 'தம்துபட்'னு இந்து சட்டத்துலயே இருந்த பழைய கொள்கை. அதைத் தூசி தட்டி எடுத்தாங்க.

இதுல எது அசல்? இங்கதான் சட்டத்தோட மூளை இருக்கு. நோட்டு எத்தனை தடவை மாத்தி எழுதியிருந்தாலும், முதமுதல்ல கையில வாங்கின தொகையும் அதுக்கப்புறம் நிஜமா கொடுத்த ரொக்கமும் மட்டும்தான் அசல். நம்ம பாஷையில சொன்னா, கடைசி வெர்ஷனைப் பார்க்காதே, முதல் கமிட்டுக்கு ரோல்பேக் பண்ணு. மேல போட்ட கணக்குல 3,100 ரூபாய் கட்ட வேண்டிய ஆள் இப்ப 1,000 கட்டினாப் போதும். நடுவுல 1,300 கட்டியிருந்தா, ரெண்டு மடங்குக்கு இன்னும் 700தான் குறையுது, அதனால 700. அப்பாரு சொன்ன அந்தக் கிழிஞ்ச நோட்டு செத்துப் போகலை, கோர்ட்ல உயிர் வந்துருச்சு.

1932க்கு அப்புறம் வாங்கின கடனுக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. ஆனா வட்டி அஞ்சு சதவீதம் தனி வட்டிக்கு மேல கணக்குப் போடக்கூடாது. இனிமே வாங்கப் போற கடனுக்கும் ஒரு உச்சவரம்பு: வருஷத்துக்கு ஆறேகால் சதவீதம். அது ஏன் ஆறேகால்? ரூபாய்க்கு வருஷம் ஒரு அணா, அதாவது மாசம் ஒரு பை. ஒரு ரூபாய்க்கு 192 பை. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் விரல் விட்டு எண்ணிப் பார்க்கற வட்டி. இந்த ஒரு வரிக்காகவே அந்தச் சட்டத்தை எழுதினவங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். நம்ம லோன் அக்ரிமென்ட்டுல இருக்கற 'ரெஃபரன்ஸ் ரேட்டு கழித்தல் ஸ்ப்ரெட்டு'ங்கற வாக்கியத்தை எங்க ஆபீஸ்லயே பாதிப் பேரால விளக்க முடியாது.

யாருக்கு இல்லைங்கறதும் முக்கியம். வருமான வரி கட்டற ஆளுங்களுக்கும், நகராட்சியில பெரிய வாடகை மதிப்புள்ள கட்டடம் வச்சிருந்தவங்களுக்கும் இல்ல. அரசாங்கக் கடன், கூட்டுறவுக் கடன் எல்லாம் வெளிய. வேற சொத்தே இல்லாத பொம்பளை ஒருத்தி 3,000 ரூபாய் வரைக்கும் கடன் கொடுத்திருந்தா அதையும் தொடக்கூடாது. புருஷன் போன பின்னால இருக்கற காசை வட்டிக்கு விட்டுப் பிழைச்ச கிழவிகள் ஊருக்கு நாலு பேர் இருந்த காலம். கொடுத்தவங்க எல்லாரும் மீசை முறுக்கின லேவாதேவிக்காரர் இல்லைங்கறது சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்கு.

விட்டுப் போனதும் ஒண்ணு உண்டு. காடு தோட்டம் இல்லாத ஆள் இந்தச் சட்டத்துக்குள்ளயே வர முடியாது. சிங்காநல்லூர்ல மில்லுக்குப் போயி, ரெண்டு சென்ட்டுல ஓட்டு வீடு கட்டி அடமானம் வச்ச தொழிலாளி 'விவசாயி' இல்ல. அவனுக்கு எதுவும் கெடைக்கலை.

அதே நேரத்துல அமெரிக்காவுல நேர் எதிரா, வீட்டுக்காரங்களுக்குத்தான் முதல்ல வழி பண்ணாங்க. 1933ல ரூஸ்வெல்ட் அரசு ஒரு கழகமே ஆரம்பிச்சு, மூழ்கிட்டிருந்த வீட்டுக் கடன்களை வங்கிகள்கிட்டேர்ந்து வாங்கி, அஞ்சு சதவீத வட்டி, 15 வருஷத் தவணைன்னு மாத்தி எழுதிக் கொடுத்துச்சு. சுமார் 10 லட்சம் வீடுகள். (அதுலயும் அஞ்சுல ஒண்ணு கடைசியில கைவிட்டுப் போச்சு.) மின்னசோட்டா மாநிலம் வீட்டு ஏலத்தைத் தள்ளிப் போட ஒரு சட்டம் போட்டுச்சு. ஒப்பந்தத்துல அரசாங்கம் கை வைக்கலாமான்னு கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, 1934ல அஞ்சுக்கு நாலுன்னு மயிரிழையில தப்பிச்சுது.

நம்ம முத்துசாமி கவுண்டன் கேஸும் கிட்டத்தட்ட அதே கேள்விதான், வேற வேஷத்துல. 1935ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டப்படி புரோநோட்டு மத்திய அரசோட பட்டியல்ல இருக்கு. 'என் கடன் புரோநோட்டுக் கடன், சென்னை சட்டசபை அதைத் தொட முடியாது'ங்கறது கடன் கொடுத்தவங்க வாதம். சாமர்த்தியமான வாதம். ஊர்ல பாதிக் கடன் புரோநோட்டுதான், அது ஜெயிச்சிருந்தா சட்டம் வெறும் காகிதம். ஃபெடரல் கோர்ட் ஒத்துக்கலை. நோட்டு ஏற்கெனவே டிக்ரியா மாறியாச்சு, அதுவும் இல்லாம சட்டத்தோட சாரம் விவசாயியோட கடன் சுமை, நோட்டைத் தொடறது போற வழியில நடக்கறதுன்னு சொல்லுச்சு. 1947ல வங்காளத்து லேவாதேவிச் சட்டம் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனப்பவும் க்வையர் சொன்ன இதே நியாயத்தைத்தான் அங்கயும் ஏத்துக்கிட்டாங்க. சட்ட மாணவர்கள் மனப்பாடம் பண்றது இதைத்தான்.

எல்லாம் சுபம்னு சொல்ல முடியாது. கொடுக்கறவங்க உஷாராயிட்டாங்க. 900 கொடுத்து 1,000னு எழுதி வாங்கறது, அடமானத்துக்குப் பதிலா நேராக் கிரயமே எழுதி வாங்கிக்கறது, 'வாய் வார்த்தையா' திருப்பித் தர்றேன்னு சொல்றது. இதெல்லாம் இன்னைக்கும் கந்துவட்டிக் கேஸ்ல பார்க்கற அதே வித்தைகள்தான். 2003ல அதுக்குன்னு தனிச் சட்டமே போட வேண்டி வந்துச்சு. அப்புறம், கடன் குறைஞ்சதுக்குச் சட்டத்தை விடப் போருக்குப் பங்கு அதிகம். 1946ல பொருளாதாரப் பேராசிரியர் பி.வி. நாராயணசாமி நாயுடு கொடுத்த அறிக்கைப்படி மாகாணக் கிராமக் கடன் 1939ல சுமார் 272 கோடி, 1945ல சுமார் 218 கோடி. போர்க்கால விலையேத்தத்துல விக்கறதுக்குத் தானியம் வச்சிருந்த பெரிய பண்ணைக்காரங்க கடனை அடைச்சாங்க. வாங்கித் தின்னற சின்னவங்களுக்கு அந்த அளவு விடிவு இல்ல.

(அதே பேர்ல நம்ம வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு வேற. 1972ல கோயமுத்தூர் வீதியெல்லாம் மாட்டு வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தின உழவர் தலைவர். கரண்டு கட்டணத்துல ஆரம்பிச்ச போராட்டம், கடன் ரத்து வரைக்கும் போச்சு. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

அவருக்கப்புறம் கடன்னாலே 'தள்ளுபடி'ங்கற ஒரு வார்த்தைக்குள்ள எல்லாம் அடங்கிருச்சு. 2006ல கலைஞர், 2016ல ஜெயலலிதா, 2021ல எடப்பாடி பழனிசாமி, மூணு பேரும் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி பண்ணாங்க. கடைசியா பண்ணது மட்டும் 12,110 கோடி. நான் இதுக்கு எதிரி இல்ல. ஆனா 1938க்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: தள்ளுபடியில நஷ்டம் கஜானாவுக்கு, கடன் கொடுத்தவருக்கு ஒரு கீறல் விழாது. 1938ல கொடுத்தவர் தன் பங்கைச் சுமந்தார். அதோட, கட்டவே முடியாதுன்னு தெரிஞ்சே வட்டியை ஏத்திட்டுப் போனவருக்குத்தான் அதிக அடி. பத்து வருஷத்துல ரெண்டு மடங்கு வாங்கினவருக்கு மேற்கொண்டு கிடையாது, ஒண்ணுமே வாங்காதவருக்கு அசல் பத்திரம்.

இப்ப 2020க்கு வர்றேன். மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி மூணு மாச மொராட்டோரியம் அறிவிச்சுது, அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க. ஆறு மாசம் தவணை கட்ட வேண்டாம். திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கற என் மச்சான் அந்த ஆறு மாசத்தையும் எடுத்துக்கிட்டார். தையல் மிஷின் ஓடலை, ஆர்டர் இல்ல, வேற என்ன பண்ணுவார்? 2019 கடைசியிலதான் வீட்டுக் கடன் வாங்கியிருந்தார், ஒரு வீட்டு வசதி நிதி நிறுவனத்துல (பேரு வேண்டாம்).

அவர் கணக்கை ரவுண்டு நம்பர்ல சொல்றேன். 20 லட்சம், 20 வருஷம், எட்டரை சதவீதம். தவணை 17,356. ஆறு மாசம் கட்டாம விட்டா அந்த வட்டி அசல்ல சேர்ந்து 20,86,500 ஆகுது. தவணையை மாத்தாம அப்படியே கட்டினா 240 தவணை 270 தவணை ஆகுது. ஆறு மாச லீவுக்கு முப்பது மாசம் கூடுதல் உழைப்பு, சுமார் 5.2 லட்சம்! முதல் தடவை இது வந்தப்ப ஃபார்முலாவுல தப்புன்னு நினைச்சு மூணு தடவை சரி பார்த்தேன். இன்னொண்ணும் பாருங்க. இதே பாக்கிக்கு வட்டி பத்து சதவீதத்தைத் தொட்டா மாச வட்டியே 17,387. தவணை பூரா வட்டிக்கே பத்தாது, கடன் எந்தக் காலத்துலயும் முடியாது. 2022 மே லேர்ந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ ரேட்டு நாலுலேர்ந்து ஆறரைக்குப் போச்சே, அந்த வேகத்துல இது கதை இல்ல.

வட்டிக்கு வட்டி வேண்டாம்னு கேஸ் போட்டாங்க. 2020 அக்டோபர்ல அரசாங்கம், 2 கோடி வரைக்குமான கடனுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தர்றதா அறிவிச்சுது. 2021 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அதை எல்லாருக்கும்னு ஆக்குச்சு. நம்ம கணக்குல அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் 1,500 ரூபாய். அந்த 5.2 லட்சத்துல யாரும் கை வைக்கலை. நோட்டு மாத்தினாங்க, அவ்வளவுதான். 'கடன் மறுசீரமைப்பு'ன்னு 2020 ஆகஸ்ட்லயும் 2021 மேலயும் வந்த ரெண்டு திட்டமும் பெரும்பாலும் தவணைக் காலத்தை ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டற வழிதான். அந்தக் கதவும் 2021லயே மூடியாச்சு.

வங்கியில இருக்கறது டெபாசிட் போட்டவங்க பணம், 1938 மாதிரி வட்டியை வெட்டினா அது அவங்க தலையில விடியும்னு சொல்லுவீங்க. சரிதான். எங்கம்மாவோட ஃபிக்சட் டெபாசிட்டும் அதுல இருக்கு. அப்படியே 1938ஐக் கொண்டு வான்னு நான் சொல்லலை. ஆனா அந்தச் சட்டம் கோர்ட்டைக் கேக்கச் சொன்ன கேள்விகள் இருக்கே: முதல்ல கையில வாங்கினது எவ்வளவு? இதுவரைக்கும் கட்டினது எவ்வளவு? நடுவுல எப்பெப்ப எது அசலா மாறுச்சு? வீட்டுக் கடன் கட்டற நம்மள்ல எத்தனை பேருக்கு இந்த மூணுக்கும் பதில் தெரியும்?

போன வருஷம் மச்சானுக்கு ரெண்டு தவணை தவறிப் போச்சு. 90 நாள் தாண்டினா வாராக் கடன், அப்புறம் 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ், அதுக்கப்புறம் கோர்ட்டுக்கே போகாம வீட்டை எடுத்துக்கற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. (நோட்டீஸ் வந்தா பயந்து பீரோவுல வச்சுப் பூட்டாதீங்க. எழுத்துல ஆட்சேபம் கொடுத்தா 15 நாளுக்குள்ள அவங்க பதில் சொல்லியாகணும். வீட்டைக் கையகப்படுத்தற நடவடிக்கை எடுத்தா, 45 நாளுக்குள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கோயமுத்தூர்லயே இருக்கு.) அந்த அளவுக்குப் போறதுக்கு முன்னாலயே, 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையைக் காட்டி ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். மாறும் வட்டிக் கடன்ல வட்டி ஏறினா, தவணையை ஏத்தறதா, காலத்தை நீட்டறதா, ரெண்டும் கொஞ்சமான்னு கடன்காரரைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்னு அதுல இருக்கு. லெட்டர்ல மேல சொன்ன மூணு கேள்வியையும் சேர்த்துக்கிட்டேன். முத்துசாமி கவுண்டன் பேரை மட்டும் எழுதலை :-)

மூணு வாரம் கழிச்சுப் பதினொரு பக்கம் ஸ்டேட்மென்ட் வந்துச்சு. மச்சானும் அக்காவும் அடுப்பங்கரையில தரையில பரப்பி வச்சு, பேனாவால ஒவ்வொரு வரியா அடிக்கோடு போட்டாங்க. நாலு இடத்துல இவங்களுக்குச் சொல்லாமயே காலம் நீண்டிருந்துச்சு. முடிவு தேதி 2039லேர்ந்து 2046க்குப் போயிருக்கு. தவணையை 2,300 ரூபாய் ஏத்திக்கிட்டா எவ்வளவு கம்மியாகும்னு கேட்டாங்க. லேப்டாப்பைத் திறந்து போட்டுக் காமிச்சேன். அக்கா அந்த நம்பரைக் காலண்டர் பின்பக்கம் எழுதிக்கிட்டாங்க. ஓவர்லாக் மிஷின் ஒண்ணை வித்துரலாமாங்கற பேச்சு ஓடிட்டிருக்கு.